முறைத் தண்ணீரும் மும்முனைக் கரண்டும்

பெரியப்பாவின் மோட்டார் கொட்டகைச் சுவரில் மூன்று சீரோ வாட் பல்புகள் வரிசையாக மாட்டியிருக்கும். சிவப்பு, மஞ்சள், ஊதா. ஊதா பல்பு ஒரு மழைக்காலத்தில் போய்விட்டது. பெரம்பலூர்க் கடைகளில் அந்த நிறம் கிடைக்காமல் பச்சையை மாட்டினார். இரண்டு பல்பு எரிந்தால் வீட்டுக்கான கரண்டு. மூன்றும் எரிந்தால் மோட்டாருக்கான கரண்டு. கொட்டகைக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். பச்சை வெளிச்சம் ஓட்டுச் சந்தில் தெரிந்த அடுத்த நொடி எழுந்து உட்கார்ந்துவிடுவார். "வந்துருச்சுடா, எந்திரி." மணி ஒன்று இருக்கும், சில நாள் இரண்டு.

பச்சைமலை அடிவாரத்தில், வேப்பந்தட்டைப் பக்கத்தில் எங்கள் கொல்லை. பள்ளி விடுமுறையில் போனால் எனக்கு டார்ச் பிடிக்கிற வேலை. அவர் மம்முட்டியோடு முன்னால் நடப்பார். வெங்காயப் பாத்தி நிறைந்ததும் "ம்" என்பார். நான் வெளிச்சத்தை அடுத்த பாத்திக்கு நகர்த்த வேண்டும். நின்றபடியே தூங்கினால் வெளிச்சம் பக்கத்துக் கரும்புக்குள் போய்விடும், திட்டு விழும். வரப்பில் காலைத் தட்டித் தட்டி வைக்கச் சொல்வார். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். தண்ணீர் கட்டப் போய்க் கடிபட்டவர்கள் சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊரிலும் உண்டு.

"பகல்ல ஏன் பெரியப்பா முழுசா விட மாட்டேங்குறாங்க?"

"பகல்ல பேக்டரிக்கு வேணுமாம்."

கிழக்கே அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளின் புகைபோக்கிகள் இருந்ததால் அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. அது பாதிப் பதில்தான் என்று தெரியப் பல வருடம் ஆயிற்று. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, கரண்டு வருவதற்கு முந்தைய கிணற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

*

அந்தக் கிணறு தாத்தாவுக்கும் அவர் அண்ணன் தம்பிகளுக்கும் பொது. நாலு பங்கு. கருங்கல் கட்டி, ஒரு பக்கம் படி இறக்கி, மேலே கவலை போட்டிருந்தார்கள். ஒரு ஜோடி மாடு, இரும்புச் சால், அதன் அடியில் தோல் வால், வடக்கயிறு, தும்புக்கயிறு. மாடு சரிவில் இறங்கினால் சால் மேலே ஏறும். பின்னோக்கி நடந்தால் சால் தண்ணீருக்குள் போகும். இறைப்பவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். விடியலுக்கு முன் பூட்டி, வெயில் ஏறியதும் அவிழ்த்து, மறுபடி சாயங்காலம் பூட்டுவார்கள். மாடு களைத்தால் இறைப்பு நின்றது. ஒரு நாள் முழுக்க இறைத்தாலும் கால் ஏக்கர், மிஞ்சிப்போனால் அரை ஏக்கர் நனையும்.

நாலு பங்காளிக்கும் முறை உண்டு. இன்னாருக்கு இன்ன நாள். ஒருவர் முறையில் இன்னொருவர் மாடு பூட்டினால் பஞ்சாயத்து. முறை மாற்றிக்கொள்ளலாம், கடன் கொடுக்கலாம். கல்யாணச் செலவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பட்டத்து முறையை விட்டுக்கொடுத்த கதையும் எங்கள் வீட்டில் உண்டு. பயிர் வாடினாலும் அடுத்தவன் முறை முடியும்வரை காத்திருக்க வேண்டும். கிணறு சுரப்பது குறைவு, இறைப்பவர்கள் நாலு பேர். முறை என்பது அந்தக் கணக்குக்கு அவர்கள் கண்டுபிடித்த விடை.

கிழக்கே ஏரிப் பாசனத்தில் இதே ஏற்பாடு இன்னும் பெரிதாக இருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ராஜேந்திர சோழன் வெட்டிய பொன்னேரி, கரைவெட்டி ஏரி, அவற்றைச் சுற்றிய எத்தனையோ சிறிய ஏரிகள். மடை திறக்கவும் அடைக்கவும் ஊருக்கு ஒருவர் இருந்தார். ஊருக்கு ஊர் அவருக்குப் பேர் வேறு, வேலை ஒன்று: எல்லாரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. கரைவெட்டி இப்போது பறவைகள் சரணாலயம். 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கூழைக்கடாவைப் பார்க்க வருகிறவர்கள், அந்த ஏரியில் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிற்பது மேட்டூர்த் தண்ணீர் என்பதையும் தெரிந்துகொண்டு போகலாம்.

*

பைக்காரா மின்நிலையம் 1930களின் தொடக்கத்தில் ஓட ஆரம்பித்தது. மேட்டூரில் அணை 1934இல் முடிந்தது, மின் உற்பத்தி 1937இல். பைக்காரா கரண்டை முதலில் கண்டது கோயம்புத்தூர். ஆலைகளுக்கும், பக்கத்துக் கிணறுகளுக்கும். எங்கள் பக்கம் ஒன்றுபட்ட திருச்சி மாவட்டத்தின் வடகோடி. பெரம்பலூர் மாவட்டமானது 1995இல், அரியலூர் கடைசியாகப் பிரிந்தது 2007இல். மின்வாரியத்துக்கு மட்டும் இரண்டும் சேர்ந்து ஒரே வட்டம். மாநில மின்வாரியம் 1957இல் அமைந்து, 1962இல் நெய்வேலியும் மின்சாரம் தரத் தொடங்கிய பிறகு, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கம்பம் ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். இடையில் கொஞ்ச காலம் ஆயில் இன்ஜின் ஓடியது. அதன் சத்தத்தைப் பற்றிச் சொன்னால் பெரியம்மா இன்னமும் காதைப் பொத்திக்கொள்வார்.

முதல் மோட்டார் நாலு பங்குக்கும் பொது. முறை அப்படியே தொடர்ந்தது. மாட்டுக்குப் பதில் ஐந்து எச்.பி. மோட்டார், அவ்வளவுதான். மீட்டர் இருந்தது, பில் வந்தது, பில்லையும் நாலாகப் பிரித்தார்கள்.

இன்று 'இலவச மின்சாரம்' என்று பேச ஆரம்பித்தால் பலருக்கு அது ஏதோ தேர்தல் பரிசு மாதிரி தோன்றுகிறது. ரத்தம் சிந்தி வந்த விஷயம் அது. மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசாவைக் குறைக்கச் சொல்லிக் கொங்குப் பகுதி விவசாயிகள் கிளம்பினார்கள். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று பேர் செத்தார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் கோவை நகரச் சாலைகளை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். அதே ஆண்டு ஜூலை 5 அன்று மறுபடி துப்பாக்கிச் சூடு. தமிழக விவசாயிகள் இன்றும் அந்த நாளில் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமானது, மற்றவர்களுக்கு எச்.பி. கணக்கில் வருடக் கட்டணம். அந்த டிசம்பரில்தான் நாயுடு காலமானார். 1990இல் கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். 2003இல் மறுபடி கட்டணம் போட்டுப் பார்த்தார்கள். 2004 தேர்தல் முடிவு வந்ததும் அதை எடுத்துவிட்டார்கள்.

இலவசம் வந்ததோடு இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மீட்டர் போயிற்று. எங்கள் கொட்டகையில் அதைக் கழற்றிய இடத்தில் நாலு ஆணி ஓட்டையும் சதுரமாக ஒரு வெளுப்பும் ரொம்ப நாள் இருந்தன. அதற்குப் பிறகு தமிழ்நாட்டின் வயல்கள் எவ்வளவு கரண்டு குடிக்கின்றன என்பது மதிப்பீடு. இத்தனை எச்.பி., இத்தனை மணி நேரம் என்று பெருக்கி வருகிற எண். அந்த எண்ணுக்குத்தான் அரசு ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி மானியம் கட்டுகிறது.

பில் இல்லை என்றதும் பில்லைப் பிரிக்க வேண்டிய வேலையும் இல்லை. ஒரே கிணற்றில் நாலு பங்காளியும் நாலு மோட்டார் இறக்கினார்கள். கிணறு வற்றியதும் கிணற்றுக்குள்ளேயே சைடு போர் போட்டார்கள். அதுவும் போதாமல் ஆளுக்கு ஒரு போர்வெல். முறை என்ற சொல் எங்கள் வீட்டுப் பேச்சிலிருந்து போனது அந்தப் பத்து வருடத்தில்தான்.

*

இப்போது ராத்திரிக் கரண்டுக்கு வருவோம்.

மின்சாரத்தைப் பட்டறையில் வெங்காயம் போட்டு வைப்பது போல வைத்திருக்க முடியாது. இந்த நொடி எவ்வளவு தேவையோ அவ்வளவு இந்த நொடியே உற்பத்தியாக வேண்டும். சாயங்காலம் ஆறிலிருந்து பத்துவரை ஊரெல்லாம் விளக்கு, டிவி, மிக்ஸி, மின்விசிறி. தேவையின் உச்சி அங்கே. நள்ளிரவுக்குப் பிறகு தேவை சரிந்துவிடும். ஆனால் அனல்மின் நிலையத்தின் கொதிகலனை ராத்திரிக்கு அணைத்துக் காலையில் பற்றவைக்க முடியாது. எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்து மின்சாரத்தை வாங்க ஆள் வேண்டும். சொன்ன நேரத்துக்கு எழுந்து வருகிற, விலை கேட்காத, இருட்டிலும் வேலை செய்கிற ஆள் விவசாயிதான். பெரியப்பா தூக்கத்தைத் தொலைத்ததற்கு பேக்டரி ஒரு காரணம். நள்ளிரவில் கொதிகலனுக்கு வேலை கொடுக்க வேண்டியிருந்தது இன்னொரு காரணம்.

இதற்கு வைத்த ஏற்பாடுதான் குரூப். டெல்டாவுக்கு வெளியே அப்போது மும்முனை மின்சாரம் பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம். பீடர் என்கிற மின்பாதைகளைக் குரூப்பாகப் பிரித்து, ஒரு குரூப்புக்கு விடும்போது இன்னொன்றுக்கு நிறுத்துவார்கள். மற்ற நேரங்களில் ஒரு முனையை எடுத்துவிட்டு இருமுனை மட்டும். வீட்டு விளக்கு எரியும், மோட்டார் ஓடாது. யோசித்துப் பார்த்தால் இதுவும் முறைதான். பங்காளிகள் விட்டதை மின்வாரியம் எடுத்துக்கொண்டது. முறை வைப்பவர் கிணற்று மேட்டில் நிற்காமல் துணைமின் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்.

முறைக்குக் கட்டுப்படாதவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. இருமுனையில் மோட்டார் ஓட்டக் கன்டென்சர் வந்தது. தகர டப்பாவுக்குள் உருளை உருளையாக நாலைந்து. இல்லாத மூன்றாவது முனையை அது ஒருமாதிரி உருவாக்கிக் கொடுக்கும். மோட்டார் உறுமலோடு ஓடும். ஊரில் எல்லா வீட்டு டியூப் லைட்டும் கண் சிமிட்டும். காயில் சீக்கிரம் கருகும். பெரம்பலூரில் காயில் கட்டும் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கன்டென்சர் வந்த வருசம்தாங்க எங்களுக்குத் தீபாவளி."

அதைவிடப் பெரிய வினை ஆட்டோ. முச்சக்கர ஆட்டோவைச் சொல்லவில்லை. ஸ்டார்ட்டரில் மாட்டும் ஒரு சிறு பெட்டி. கரண்டு வந்ததும் தானாக மோட்டாரைப் போட்டுவிடும். எழுந்து போக வேண்டாம். ராத்திரிக் கரண்டால் செத்துப்போன தூக்கத்துக்கு விவசாயி கண்டுபிடித்த மருந்து அது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் டிரான்ஸ்பார்மர் பக்கத்திலிருந்து அதைப் பார்க்க வேண்டும்.

எங்கள் கொல்லைக்கு 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். ஒரு முனைக்கு ஏறக்குறைய 84 ஆம்பியர் தாங்கும். ஐந்து எச்.பி. மோட்டார் ஓடும்போது 8 ஆம்பியர் வாக்கில் இழுக்கும். பத்து மோட்டார் என்றால் 80. சரியாகப் பொருந்துகிறது. ஆனால் மோட்டார் கிளம்புகிற நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல ஆறு மடங்குவரை இழுக்கும். பத்து பேரும் கையால் போட்டால், ஒருவர் செருப்புப் போட்டுக்கொண்டு வருவார், ஒருவர் பீடி பற்றவைப்பார், பத்தும் பத்து நேரத்தில் கிளம்பும். பத்திலும் ஆட்டோ இருந்தால் பத்தும் ஒரே நொடியில். கிட்டத்தட்ட 480 ஆம்பியர். அந்த இழுப்பில் வோல்டேஜ் படுத்துவிடும். படுத்ததால் மோட்டார் வேகம் எடுக்காது; எடுக்காததால் இன்னும் அதிகமாக இழுக்கும். பீஸ் போகும். பீஸ் கட்டையில் யாராவது தடித்த கம்பியைச் சுற்றிவைத்திருந்தால் பீஸ் போகாது, டிரான்ஸ்பார்மர் போகும். போதாக்குறைக்கு, ஐந்து எச்.பி.க்கு அனுமதி வாங்கி ஏழரையை இறக்கியவர்கள் அந்தப் பத்து பேரில் மூன்று பேராவது இருப்பார்கள். தண்ணீர் கீழே போகப் போக ஐந்து எச்.பி.யால் ஏற்ற முடியாது, வேறு வழியில்லை என்பார்கள். அதுவும் உண்மை.

ஒருமுறை எங்கள் டிரான்ஸ்பார்மர் காய்ப் பருவத்துப் பருத்தி நிற்கும்போது எரிந்தது. மாற்றி வைக்க எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை தடவை யார் யார் நடந்தார்கள் என்பதைப் பெரியப்பா கடைசிவரை விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இங்கே எழுதவில்லை.

இதையே மாநில அளவில் பெருக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் 23 லட்சத்தை ஒட்டி இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஐந்து எச்.பி.தான் என்று வைத்து, 1 எச்.பி.க்கு 746 வாட் போட்டால், எல்லாம் ஒரே சமயத்தில் ஓடும்போது ஏறக்குறைய 8,600 மெகாவாட். கூடங்குளத்தின் ஓர் அணு உலை 1,000 மெகாவாட். எல்லாம் ஒரே சமயத்தில் ஓடாமல் இருப்பதில்தான் மாநிலத்தின் மின் ஏற்பாடே நிற்கிறது.

*

2012ஐப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. படிக்கிறவர் எல்லாருக்கும் அந்த வியர்வை நினைவிருக்கும். கிராமங்களில் நாளுக்கு 14, 16 மணி நேரம்கூடக் கரண்டு இல்லை. ஆலைகளுக்கும் வெட்டு; மாலை உச்ச நேரத்தில் அவற்றுக்குப் பெயரளவுக்குத்தான் அனுமதி. எங்கள் ஊரில் கரண்டு வரும் நேரம் தெரியாததால் ஆட்டோ இல்லாத ஸ்டார்ட்டரே இல்லை என்றாயிற்று. வந்த இரண்டு மணி நேரத்தில் அத்தனை மோட்டாரும் ஒன்றாக இழுத்தன, இழுத்ததால் வோல்டேஜ் இல்லை, வோல்டேஜ் இல்லாததால் தண்ணீர் ஏறவில்லை. பற்றாக்குறை என்று தெரிந்தால் ஒவ்வொருவரும் முந்திக்கொள்வார்கள். முந்திக்கொண்டால் பற்றாக்குறை கூடும். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இது புதிதில்லை.

2013 அக்டோபரில் கூடங்குளத்தின் முதல் உலையிலிருந்து மின்சாரம் வரத் தொடங்கியது, புதிய அனல் நிலையங்கள் வந்தன, வெளியிலிருந்து வாங்கினார்கள். நிலைமை தேறியது. 2021 ஏப்ரல் முதல் விவசாயத்துக்கு 24 மணி நேரமும் மும்முனை என்று அறிவிப்பே வந்தது. அதே ஆண்டு ஆட்சி மாறி, இணைப்புக்காகக் காத்திருந்த நாலரை லட்சம் பேரில் 1 லட்சம் பேருக்கு 2022 ஏப்ரலுக்குள் கொடுத்து முடித்தார்கள். பிறகு இன்னும் 50,000. ஒவ்வொரு இணைப்பும் ஒரு குடும்பத்தின் பல வருடக் காத்திருப்பு. ஒவ்வொரு இணைப்பும் டிரான்ஸ்பார்மரில் இன்னொரு 8 ஆம்பியர். இரண்டும் ஒரே காகிதத்தில் எழுதப்பட்டவை.

*

இதற்கிடையே சத்தமில்லாமல் ஒன்று தலைகீழானது. 2025க்குள் தமிழ்நாட்டின் சூரிய மின் திறன் 9,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்றாலை தனி; அது வைகாசிக்கு மேல் நாலைந்து மாதம் வீசும். 2024 மே 2 அன்று மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அவ்வளவு வெயிலில் ஏசி ஓடாத வீடு ஏது. ஆனால் நடுப்பகல் உச்சத்தைச் சமாளிக்க அந்த வெயிலே கை கொடுக்கிறது. சிரமம் சூரியன் இறங்கிய பிறகுதான்: ஏழு மணி, பத்து மணி, ஏசி போட்டுத் தூங்குகிற நள்ளிரவு. ஒரு காலத்தில் ஆள் இல்லாமல் கிடந்த ராத்திரி மின்சாரத்துக்கு இப்போது நகரத்தின் படுக்கையறைகள் போட்டிக்கு வந்துவிட்டன. வாங்க ஆள் தேட வேண்டியது இப்போது பகல் பதினொரு மணி மின்சாரத்துக்கு.

ஐம்பது வருடமாக விவசாயியை ராத்திரிக்குத் தள்ளிய காரணம் போய்விட்டது. மின்கட்டமைப்புக்கு எந்த நேரம் வசதியோ, அதே நேரம்தான் கொல்லையில் நிற்பவருக்கும் வசதி. நான் பார்த்தவரை இந்த இரண்டும் ஒத்துப்போவது இதுவே முதல்முறை. இதைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டால் அதைவிட முட்டாள்தனம் இல்லை.

பிடித்துக்கொள்ள முதலில் வேண்டியது தனி பீடர். வீட்டுக்கும் மோட்டாருக்கும் ஒரே கம்பி என்றால், மோட்டாருக்கு நேரம் வைக்க வீட்டையும் பாதி இருட்டில் வைக்க வேண்டியிருக்கும். குஜராத் 2003இல் ஜோதிகிராம் என்று தொடங்கி மூன்று நாலு வருடத்தில் மாநிலம் முழுக்க வீட்டுக் கம்பியையும் வயல் கம்பியையும் பிரித்துவிட்டது. வீட்டுக்கு 24 மணி நேரம், வயலுக்கு 8 மணி நேரம், ஆனால் முழு வோல்டேஜோடு, முன்கூட்டியே சொன்ன நேரத்தில். தமிழ்நாட்டில் அந்த வேலை மத்திய அரசின் திட்டப் பணத்தோடு இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. தனி பீடர் ஆனபின் அதன் தலையில் ஒரு மீட்டர் வைத்தால் போதும். கொட்டகைக்குக் கொட்டகை வைக்க வேண்டியதில்லை. விவசாயியின் கொட்டகைச் சுவரில் மீட்டரை மாட்டினால் அவர் அதில் 1970ஐப் பார்ப்பார், 2003ஐப் பார்ப்பார். 2020இல் மின்சாரச் சட்டத் திருத்த மசோதாவை டெல்லி எல்லையில் விவசாயிகள் எதிர்த்ததற்கும் அந்தப் பயம் ஒரு காரணம். அந்தப் பயத்தை அறிவீனம் என்று யாரும் சொல்லக் கூடாது.

சோலார் பம்பும் வந்திருக்கிறது. மத்திய அரசின் குசும் திட்டம் 2019இல் வந்தது. மாநில அரசும் சேர்ந்து 60, 70 விழுக்காடு மானியத்தில் தருகிறது. வெயில் அடித்தால் தண்ணீர், மேகம் வந்தால் ஓய்வு. கிட்டத்தட்டக் கவலையின் ஒழுங்கு. வேளாண் பொறியியல் துறை மானியத்தில் மொபைல் ஸ்டார்ட்டரும் கிடைக்கிறது. சிம் போட்ட பெட்டி. போன் அடித்தால் மோட்டார் ஓடும். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பதால் இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெரியப்பாவின் மகன் துபாயில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வேப்பந்தட்டைக் கொல்லை மோட்டாரைப் போடுகிறான். இங்கே மடை மாற்ற ஆள் இல்லை என்பதால் சொட்டுநீர்க் குழாய் போட்டாயிற்று. சிறு, குறு விவசாயிகளுக்கு அது முழு மானியத்தில் கிடைக்கிறது. ஆள் எழுந்திருக்கவே வேண்டாத பாசனம்.

மொபைல் ஸ்டார்ட்டரில் நல்ல விஷயம் ஒன்று உண்டு, பலர் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். கரண்டு வந்து இத்தனை நிமிடம் கழித்துக் கிளம்பு என்று வைக்கலாம். ஒருவர் இரண்டு நிமிடம், அடுத்தவர் நாலு, அதற்கடுத்தவர் ஆறு என்று பத்துப் பேரும் பேசி வைத்துக்கொண்டால் அந்த 480 ஆம்பியர் வரவே வராது. பணச் செலவில்லை. ஆனால் பத்துப் பேரும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். "நான் ஏன் கடைசி?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அரியலூர்ப் பக்கத்துக் கதை வேறு. திருமானூர், தா.பழூர் வட்டாரம் கொள்ளிடத்தை ஒட்டியது. ஆற்றில் தண்ணீர் வந்தால் மோட்டாருக்கு ஓய்வு, வராத வருடம் மோட்டாரே கதி. செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் காடுகள், அவற்றுக்கு மழை போதும். ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள். அங்கே 13 கிராமங்களில் 8,000 ஏக்கருக்கும் மேலான நிலத்தை, நிலக்கரி தோண்டி மின்சாரம் எடுக்கப் போகிறோம் என்று தொண்ணூறுகளில் கையகப்படுத்தினார்கள். இழப்பீடு போதாது என்று மக்கள் வழக்கு மேல் வழக்கு நடத்தினார்கள். நிலக்கரியும் எடுக்கவில்லை, மின்நிலையமும் வரவில்லை. கால் நூற்றாண்டு கழித்துத் திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவு செய்தது. மின்சாரத்துக்காக மண்ணைக் கொடுத்தவர்கள் அதே மண்ணில் மோட்டாருக்கு மின் இணைப்பு கேட்டு மனு எழுதுவதை நினைத்துப் பார்க்கிறேன். சிரிப்பு வரவில்லை.

இத்தனைக்கும் நடுவே தண்ணீர் ஒன்று இருக்கிறது. பகல் கரண்டு, முழு வோல்டேஜ், இலவசம், போனில் ஓடும் மோட்டார். மின்கட்டமைப்பின் உச்சித் தேவை இதனால் இறங்கும். கிணற்றின் மட்டமும் இறங்கும். பெரம்பலூரின் பெரும்பகுதி கடினப் பாறை. மணற்பாங்கான நிலம் போல ஊற்று ஓடி வந்து நிரம்பாது. வெடிப்பில் சேர்ந்ததுதான் தண்ணீர். பெரியப்பா காலத்தில் பகலில் ஆறு, ராத்திரியில் மூன்று என்று மணி வைத்து விட்ட கரண்டு கொடுமையாக இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக இறைக்கவிடாமல் கிணற்றைக் காத்ததும் அந்தக் கொடுமைதான். இனி அந்த வேலையை யார் செய்வது? மும்முனைக்கு நேரம் வைக்கும் அதிகாரி பார்ப்பது மெகாவாட்டை. பாறை வெடிப்பில் எத்தனை அடிக்குத் தண்ணீர் நிற்கிறது என்பது அவர் மேசைக்கு வருவதில்லை. தமிழ்நாட்டின் நிலத்தடி நீர்ச் சட்டம் 2003இல் வந்து, 2013இல் ரத்தாகிவிட்டது. மாவட்டத்தின் பெரும் விளைச்சலான மக்காச்சோளமும் பருத்தியும் பல இடங்களில் இன்னும் மானாவாரியிலேயே நிற்பதால்தான் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

*

போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா போய் ஆறு வருடம். பகல் பதினொரு மணி. அண்ணன் துபாயிலிருந்து போட்ட மோட்டார் ஓடியது. இருபது நிமிடத்தில் குழாயில் தண்ணீர் அறுந்து காற்று வந்தது. மோட்டார் தானாக நின்றது. தண்ணீர் இல்லை, நிறுத்திவிட்டேன் என்று பெட்டி அவனுக்குச் செய்தி அனுப்பியிருக்கும். இரண்டு நிமிடத்தில் எனக்குப் போன் வந்தது.

"என்னடா, கெணத்துல எவ்ளோ நிக்குது பாரு."

எட்டிப் பார்த்தேன். பாறை தெரிந்தது. பக்கத்துக் கொல்லையில் சித்தப்பா மகனின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த கொல்லையிலும் ஓடியது. மூன்று போர்வெல்லும் ஒரே பாறை வெடிப்பில்தான் நிற்கின்றன என்று போர் போட்டவரே சொல்லியிருக்கிறார்.

"அவன்கிட்ட கொஞ்சம் நிறுத்தச் சொல்றியா? நாளைக்கு நான் போடல, அவன் போட்டுக்கட்டும்."

வரப்பில் நடந்து போய்ச் சொன்னேன். சித்தப்பா மகன் போனை எடுத்து மோட்டாரை நிறுத்தினான். பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்ப நாளன்னிக்கு யாரு?" என்றான்.